பிட்டர் பாஸின் ஆறு வருடம்



நம்ம பிட்டர் பாஸ் போய் இன்றைக்குப் பதினாறாம் நாள். ஸ்டோரில் ரோலர் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பெயாரிங் தேய்ந்தது என்று லயத்து வாசலில் இருந்தபடி சொல்லுவார். "முனகுது, நிப்பாட்டச் சொல்லு" என்று அவர் ஓடிவந்ததால் கை தப்பியவர்கள் இரண்டு பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம் தையல் மெஷின், பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பம்ப், எல்லாம் அவர் கைபட்டு ஓடியவைதான். காசு நீட்டினால் "ஒரு பிளேன்டீ ஊத்து" என்பார். சீனி மூன்று கரண்டி. அக்காவுக்கு அதில்தான் கோபம்.

அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, 1984இல் கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிய குடும்பம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பிரஜை ஆனார். சங்கத்துக்கு அதற்கு முன்பே சந்தா கட்டியவர்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்கூலிக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அவருடைய முதல் ஆறு வருடத்தைக் 'கைக்காசு வேலை' என்று கணக்கில் கழித்திருக்கிறார்கள். அந்த ஆறு வருடமும் ரோலரை ஓட வைத்தது யார்?

அந்தக் காலத்துச் சம்பளத் துண்டு யார் பெட்டியிலாவது இருந்தால் தேடுங்கள். கூட வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு வாருங்கள். திங்கட்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போகிறோம்.