வீடு கேட்கும்போது கூரையின் உட்பக்கத்தையும் கேட்போம்

(திருகோணமலையில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் சந்திப்பில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மலையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இந்தத் துறைமுகப் பக்கத்தில் குடியிருப்பவர்களும் இன்று ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தபோதும், 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையை விட்டு இறங்கி வடக்குக் கிழக்குக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சொந்தங்கள் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள்.

காலையில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மேலிருந்து வந்த அம்மாமார் இராத்திரிக் குளிரைப் பற்றிச் சொன்னார்கள். இங்குள்ளவர்கள் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாததைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டு கஷ்டத்துக்கும் காரணம் ஒன்றுதான். தலைக்கு மேலே வெறும் தகரம்.

தகரம் வெயிலில் வேகமாகச் சூடாகி அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். இரவில் வேகமாகக் குளிர்ந்து வீட்டுச் சூட்டை வெளியே விட்டுவிடும். மலையில் விடியற்காலையில் தகரத்தின் உட்பக்கம் நீர் கோர்த்துப் படுக்கையில் சொட்டுவது இதனால்தான். தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு சீலிங் அடித்தால், அந்த இடைவெளிக் காற்றே மேலேயும் கீழேயும் சூட்டைத் தடுக்கும். வெப்பக்காப்பு என்று பெரிய பெயர் சொல்கிறார்களே, அதில் பாதி இவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இதற்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்களை நமது முன்னோருக்குக் கட்டிக்கொடுத்தவர்களின் நாடான பிரித்தானியாவில், 2020இல் வீடுகளுக்கு வெப்பக்காப்புச் செய்யும் செலவில் மூன்றில் இரண்டு பங்கை, 5,000 பவுண் வரை அரசாங்கம் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு 10,000 பவுண் வரை. ஆறு இலட்சம் வீடுகள் என்றார்கள். அவசரமாகத் தொடங்கி, 2021 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஐம்பதாயிரம் வீடுகளைக் கூட அது எட்டவில்லை.

அவுஸ்திரேலியாவில் நடந்ததைத் தொழிற்சங்கக்காரர்கள் மறக்கக் கூடாது. 2009இல் அங்கே கூரைகளுக்கு வெப்பக்காப்புப் போட அரசாங்கம் பணத்தை அள்ளிக் கொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. பயிற்சி இல்லாத இளைஞர்களைக் கூரைக்குள் ஏற்றினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மூவரை மின்சாரம் தாக்கியது. ஒருவர் கூரைக்குள் இருந்த சூட்டில் இறந்தார். 2010 பெப்ரவரியில் திட்டத்தை நிறுத்தினார்கள். பணம் வந்தால் மட்டும் போதாது, எந்த வேலையை முதலில் செய்வது, அதை யார் செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த நான்கு பேரே சாட்சி.

நமது லயங்களில் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம்.

முதலாவது வயரிங். பழைய லயங்களில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு இழுத்த கம்பிகள் கூரையோரம் ஓடுகின்றன. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் போகிறது. அந்தக் கம்பிகளுக்குப் பக்கத்தில் சீலிங் அடிப்பதும், மினுங்கும் அலுமினியத் தாள் விரிப்பதும் ஆபத்து. அவுஸ்திரேலியாவில் அந்தத் தாளும் அதில் அடித்த ஆணியுமே கரண்டைக் கடத்தின.

இரண்டாவது புகை. விறகடுப்பு எரியும் வீட்டில் குளிருக்காக ஓட்டைகளை அடைத்தால் புகையும் உள்ளே அடைபடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள். கொழுந்தெடுத்துவிட்டு வந்து அடுப்படியில் குந்தும் பெண்களும், அவர்கள் மடியில் இருக்கும் பிள்ளைகளுமே அதிகம் அடிபடுவது. ஆகவே முதலில் புகைபோக்கி, பிறகுதான் ஓட்டை அடைப்பு.

மூன்றாவதாகத்தான் சீலிங். இங்கே திருகோணமலையில் கூரைக்கு மேலே வெள்ளை பூசினாலும் சூடு குறையும். இந்தியாவில் தெலங்கானா அரசாங்கம் 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆனால் நுவரெலியாப் பக்கம் வெள்ளை பூச வேண்டாம். அங்கே பகல் வெயிலும் நமக்குத் தேவை.

அஸ்பெஸ்டஸ் சீட் போட்ட வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் தூசு புற்றுநோயைத் தரும். 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நமது அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் ரஷ்யாதான். இலங்கை அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. நாம் பறித்த கொழுந்தை விற்பதற்காக நமது தலைக்கு மேலே அந்த சீட் தொடர்ந்து இருக்கிறது. சீலிங் அடிக்கிறோம் என்று அதில் துளை போடாதீர்கள், வெட்டாதீர்கள், உடைக்காதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது. வாங்கியவர்கள் தாங்களே கட்டினார்கள். காசு போதாமல் கடன்பட்டவர்கள் பலர். கடன்பட்டவர் கடைசியில் விட்டது எதை? உட்கூரையை. மலையகத்துக்கு 4,000 வீடுகள் கிடைத்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதற்குப் பின்னர் ஒரு வீட்டுக்கான தொகை 28 இலட்சமாக உயர்த்தப்பட்டது. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அந்த மதிப்பீட்டில் சுவர், கூரை, கதவு என்று எழுதும்போது சீலிங்கும் புகைபோக்கியும் தனி வரியாக எழுதப்பட வேண்டும். எழுதாததை யாரும் கட்டித் தரமாட்டார்கள்.

இந்த மாவட்டத்திலேயே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடங்கி வைக்கப்பட்டது. மின்சாரம் உற்பத்தி செய்யப் பணம் இருக்கிறது. வீட்டில் அது வீணாகாமல் இருக்கவும் பணம் வேண்டும். 2022 ஓகஸ்ட்டில் மின் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியபோது, சூட்டுக்கு ஃபேன் போட்டவர்கள் அதை நிறுத்த வேண்டி வந்தது.

புது வீடு எல்லோருக்கும் நாளைக்கே வராது. அதுவரை லயத்தில் இருப்பவர்களை மறந்துவிட முடியாது. லயத்தின் கூரையைத் திருத்தக் கேட்டால் தோட்டம் அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் தோட்டத்தைக் காட்டும். வீடும் மீட்டரும் நமது பெயரில் இல்லாதவரை எந்த மானியமும் நமது வாசலுக்கு வராது. ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்பதும் கூரைக்குச் சீலிங் கேட்பதும் ஒரே கோரிக்கைதான்.

ஆகவே ஒரு வேலை தருகிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு லயத்திலும் தோட்டத் தலைவரும் மாதர் அணித் தலைவியும் சேர்ந்து வீடு வீடாக நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். கூரை தகரமா, அஸ்பெஸ்டஸா? புகைபோக்கி இருக்கிறதா? வயரிங் எப்படி இருக்கிறது? கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது? இங்கே திருகோணமலையில் இருப்பவர்களும் உங்கள் குடியிருப்புகளில் இதையே செய்யுங்கள்.

அமைச்சுக்குப் போகும்போது "கஷ்டப்படுகிறோம்" என்று மட்டும் சொன்னால் தலையாட்டி அனுப்புவார்கள். இத்தனை லயம், இத்தனை வீடு, இத்தனை புகைபோக்கி என்று தாளை மேசையில் வைத்தால் பதில் எழுத வேண்டி வரும். வேலை வரும்போது நமது பிள்ளைகளுக்கே முறையாகப் பயிற்சி கொடுத்து, அவர்களையே கூலிக்கு அமர்த்தும்படியும் கேட்போம். பயிற்சி இல்லாமல் ஒரு பிள்ளையையும் கூரையில் ஏற விடமாட்டோம்.

தாளைக் கொண்டு வாருங்கள். அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே போவோம்.