பள்ளிக்கூடப் படம்

தோழர்களே! இந்தப் பழைய படத்தைப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில் வாத்தியாரோடு நாம் நிற்கிறோம். முன்வரிசையில் சப்பாத்துப் போட்டிருப்பவர் கிராணியார் மகன்; கிராணிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். மற்றவர் காலில் ஒன்றுமில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. ஆனாலும் படத்தில் எல்லாரும் இல்லை. ஐந்தாறு பேர் அன்று காலை தாயாருக்கு உதவியாக ஒட்டுப்பால் எடுக்கப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் படம் எங்குமே இல்லை.

லயம் போயிற்று. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பின்வரிசையில் இருவர் பெயர் நமக்கு நினைவில்லை. தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து படத்தின் பின்புறம் எழுதுங்கள். அன்று வராதவர்கள் பெயரையும் எழுதுங்கள், இடமிருக்கிறது.