பனையேறியும் அனபாசும்: நன்னீர் மீன்கள் பெயர் பெறும் முறை



நாம் கூடியிருக்கும் பத்துமலையின் பெயரே இன்றைய பொருளுக்கு நல்ல தோற்றுவாய். அருகில் ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயர் மலைக்கும் ஆயிற்று. மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கல் என்று பொருள். தமிழர் செவியோ அதனை எண்ணுப்பெயராகக் கேட்டது. பெயர் என்பது பொருளை மட்டுமன்றி, அதனைக் கேட்ட செவியையும் கண்ட கண்ணையும் காட்டுவது.

மீன்பெயர்களும் அவ்வாறே. மக்கள் வடிவத்தையும் நடத்தையையும் கண்டு பெயரிடுகின்றனர். பனையேறிக் கெண்டை என்னும் பெயரை நோக்குவோம். 'கெண்டை' இதனை உருவத்தால் ஒரு கூட்டத்தில் சேர்க்கிறது. 'பனையேறி' நடத்தையால் பிரிக்கிறது. உயிரியல் வகைப்பாட்டில் இம்மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. வழக்குப் பெயர் உறவைக் கூறாது, தோற்றத்தைக் கூறும்.

அறிவியற்பெயரின் நெறி வேறு. விலங்குகளுக்கான இருசொற் பெயர்முறை, லின்னேயசு 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொள்கிறது. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் சிற்றினத்தையும் குறிக்கும். ஓருயிர்க்குப் பல பெயர்கள் இருப்பின், முறைப்படி முதலில் வெளியானதே முன்னுரிமை பெறும்.

இவ்விதி பனையேறியின் பெயரில் விளங்கும். தரங்கம்பாடியில் பணியாற்றிய டேனியப் படை அலுவலர் டால்டார்ஃப், 1791இல் பனைமரத்தில் ஏறிய மீனொன்றைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் வெளியான அக்கட்டுரையில் அவர் இட்ட சிற்றினப் பெயர் 'சுகாண்டென்சு'. 'ஏறுவது' என்பது பொருள். தமிழ்ப்பெயரும் இலத்தீன் பெயரும் ஒன்றையே கூறின. ஆயினும் பெர்லின் மருத்துவர் பிளாக், ஆமை போன்றது எனப் பொருள்படும் 'டெசுடூடினியசு' என்னும் பெயரை 1792இலேயே வெளியிட்டிருந்தார். முந்தியதே நிலைத்தது. எனினும் இன்றைய பேரினப் பெயராகிய 'அனபாசு', மேலேறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. மரமேறும் கதையை ஐயுறுவோரும், இம்மீன் செவுள்மூடிகளை ஊன்றித் தரையில் நகர்வதையும் காற்றைச் சுவாசிப்பதையும் மறுப்பதில்லை.

இம்மீனை மலாய்க்காரர் 'புயு' என்பர். அவர்கள் 'ஹாருவான்' என்பதே நம் விரால். 'வரால்' என்பது அதன் பழைய இலக்கிய வடிவம். இதற்குக் கோடுடையது எனப் பொருள்படும் சிற்றினப் பெயரைப் பிளாக் 1793இல் இட்டார்; இன்று 'சன்னா சுட்ரையேட்டா' என வழங்குகிறது. இவ்விரு மீன்களும் காவிரிக்கரையிலும் உண்டு. இந்நாட்டு வயல்களிலும் உண்டு. ஆதலின் தோட்டத் தொழிலாளராய் வந்த நம் முன்னோர் பெயர்களைப் புதிதாய்ப் படைக்க வேண்டியதில்லை. கொண்டுவந்த சொல்லுக்குரிய மீன் இங்கேயே இருந்தது.

ஆனால் 'தோமான்' அத்தகையதன்று. விராலின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு சிற்றினம் அது. அதனையும் விரால் என்றே மொழிபெயர்த்தால் இரண்டு மீன்கள் ஒன்றாகிவிடும். மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். மலாய்க் 'கெலி'யும் தமிழ்க் 'கெளிறு'ம் ஒலியால் நெருங்குவன. இரண்டும் மீசையுடைய மீன்களையே குறிப்பன. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றே சொல்லுறவுக்குச் சான்றாகாது.

நம் கையகராதிகள் பல, இத்தகைய சொற்களுக்கு 'ஒருவகை மீன்' என்று பொருள் கூறி அமைகின்றன. எந்த மீன் என்று அறிந்தவர்கள் தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோர். அவர்கள் காலம் கடந்தால் சொல் ஏட்டில் இருக்கும். அதற்குரிய மீனைக் காட்டுவார் இரார்.

ஆகவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுகிறோம். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரையும் சந்தை மீன்காரரையும் கேட்டு, தமிழ்ப்பெயர், அதனைக் கூறியவரின் ஊர், மலாய்ப்பெயர், அறிவியற்பெயர் என நான்கு நிரல்களில் எழுதட்டும். மீனின் படத்தையும் உடன் சேர்க்கட்டும். ஒரே பெயர் இரு மீன்களுக்கு வந்தால் இரண்டையும் எழுதட்டும், திருத்த வேண்டா. அறிவியற்பெயர் உலகோர்க்கு அடையாளம். வழக்குப்பெயர் நம்மவர் கண்ட காட்சி. ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை.