அன்னக்குட்டி விழுந்த குழி

புனித அல்போன்சா பற்றிப் பேசச் சொன்னார்கள்.

கேரளத்தில் குடமாளூரில் 1910-ல் பிறந்தவர். வீட்டில் அன்னக்குட்டி. தாய் இறந்துபோக, தாயின் சகோதரி வளர்த்தார். 13 வயதில் கல்யாணப் பேச்சு. அழகு கெட்டால் விட்டுவிடுவார்கள் என்று, உமி எரிந்த குழியில் காலைச் சுட்டுக்கொள்ளப் போய் உள்ளேயே விழுந்துவிட்டார். பிறகு பரணங்கானம் மடத்தில் கன்னியாஸ்திரி. நோயோடு கிடந்து 1946-ல், 35 வயதில் இறந்தார். 2008-ல் புனிதர் பட்டம்.

எனக்கு அந்தக் குழிதான் கண்ணில் நிற்கிறது. வங்கி கவுண்டரில் ஒருநாள், மகள் படிப்புக்குப் போட்ட ஆர்.டி.யைக் கல்யாணச் செலவுக்கு முடிக்க ஒருவர் வந்தார். பள்ளிச் சீருடையில் அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள். படிவத்தை நீட்டினேன், ஒன்றும் கேட்கவில்லை.

ரிஷிவந்தியத்தில் அப்படிப் பேச்சு காதில் விழுந்தால், 1098-க்குச் சொல்லுங்கள். கட்டணமில்லை.