கையெழுத்து கேட்கிறேன்



கரிவலம்வந்தநல்லூரில் வரதுங்கராம பாண்டியரின் ஏடுகளைத் தேடிப் போன உ.வே.சா.வுக்கு, அவற்றை ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. உரிமை கோர ஆளில்லாத சுவடி, படியெடுக்கவும் ஆளில்லை!

அதே ஊரில் என்.எஸ்.எஸ். முகாமில் நாம் 11 பேர் கலந்து எழுதிய ஊர் வரலாற்றை, யார் வேண்டுமானாலும் அச்சிடட்டும் என்கிறோம். வாயால் சொன்னால் போதாதுங்க. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, எழுதியவர் பதிவாளருக்கு எழுதிக் கொடுத்து உரிமையைத் துறக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பின் பொது அறிவிப்பாலும் துறக்கலாம். தம் உரிமையைத்தான், அடுத்தவர் பங்கை அல்ல. விட்டுவிட்டால், நம்மில் கடைசி ஆள் காலமான பிறகும் 60 ஆண்டு உரிமை ஓடும்.

இருவர் போய்விட்டார்கள். அவர்கள் வாரிசுகள் அனுமதி எழுதித் தரலாம். துறக்கும் வழியை அந்தப் பிரிவு எழுதியவருக்கே சொல்கிறது. மீதி 9 பேரும் சாப்பாட்டுக்கு முன்னாடி இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கப்பா. நான் போட்டுட்டேன்.