ஐயம் வினவுதல்
(தண்டலத்தில் நமது சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் கூடியுள்ள இத்தண்டலத்திற்குக் கிழக்கே பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் இராமாநுசர் அவதரித்ததாக மரபு கூறும் தலம்.

இராமாநுசர் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடங் கேட்டு, வேதப் பொருளில் அவரோடு மாறுபட்டார். பின்னர்த் தம் உள்ளத்து ஐயங்கள் தீர, அந்தணரல்லாத நம்பிகளை அடுத்து, அருளாளப் பெருமாளிடம் விடை பெற்றருளுமாறு வேண்டினார். விடை ஆறு வார்த்தைகளாய் வந்ததென்று குருபரம்பரை நூல்கள் கூறும். விடை கொணர்ந்தவர் குலம் அவருக்குத் தடையாகவில்லை.

இதனினும் அரியது யாதவப்பிரகாசர் செயல். மாணாக்கனை வெறுத்த அவரே முதுமையில் தம் கொள்கையை மீள ஆராய்ந்து, அம்மாணாக்கனுக்கே சீடராகிக் கோவிந்த ஜீயர் எனப் பெயர் பெற்றார்.

இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் நம் மக்கள் பல தேயத்தாரோடும் பல குலத்தாரோடும் ஒருங்கு உழைத்து உண்கின்றனர். இல்லந் திரும்பியதும், "மணம் பேசுங்கால் குலத்தை முதலிற் கேட்பது ஏன்?" என்று நம்மை வினவுகின்றனர். அவ்வினாவை அதட்டி அடக்குதல் முறையன்று. நம்மிடம் தக்க விடை உண்டேல் கூறுவோம். இன்றேல், யாதவப்பிரகாசரைப்போல் நாமும் இளையோரிடம் கேட்டு அறிய முற்படுவோமாக.