கருத்தரங்கில் பேசியது விதையாக வரும் வழி
(உழவர் பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கு வரும் உழவர்கள் பண்ணையைச் சுற்றிப் பார்க்கிறீர்கள். விதை வாங்கிச் செல்கிறீர்கள். ஆனால் தாவர மூலக்கூறு உயிரியல், உயிர்த் தொழில்நுட்ப மையம் போன்ற இடங்களில் கருத்தரங்கு, பயிலரங்கு என்று கேள்விப்பட்டால், "அது படித்தவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்கி விடுகிறீர்கள். அங்கே நடப்பதில் தாழ்வான நிலம் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதைச் சொல்லவே வந்தேன்.

கருத்தரங்கில் ஒருவர் தம் ஆய்வு முடிவை எடுத்துரைப்பார். முதுகலை மாணவர்களுக்கு இது பாடத்திட்டத்திலேயே உண்டு. பேச்சு முடிந்ததும் கேள்விகள் எழும். எத்தனை பருவம் பார்த்தீர்கள்? எந்த இரகத்தோடு ஒப்பிட்டீர்கள்? தொட்டியில் வளர்த்ததா, வயலில் வளர்த்ததா? என்னைக் கேட்டால், பேச்சைவிட இந்தக் கேள்வி நேரம்தான் முக்கியம். "வெள்ளத்தைத் தாங்கும் நெல் கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் படிக்கும்போது நீங்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அந்த வெள்ள நெல்லையே எடுத்துக்கொள்வோம். ஒடிசாவில் உழவர்கள் பயிரிட்டு வந்த நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்தது எஃப்.ஆர்.13ஏ. முழுக்க மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் உயிரோடிருக்கும். ஆனால் விளைச்சல் குறைவு. அதன் தாங்கும் தன்மைக்குக் காரணமான பகுதி எந்த இடத்தில் உள்ளது என்று 1996-இல் தெரிந்தது. அது 'சப்1ஏ' என்ற மரபணு என்று 2006-இல் உறுதியாயிற்று. 2009-இல் சுவர்ணா சப்1 இரகம் இந்தியாவில் வெளியிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் இடத்தைக் கண்டுபிடித்ததற்கும் விதை வெளிவந்ததற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள்! பின்னர் நம் டெல்டா உழவர்களுக்குப் பழக்கமான சி.ஆர்.1009 இரகத்திலும் இதே குணம் சேர்க்கப்பட்டு, சி.ஆர்.1009 சப்1 கிடைத்தது.

இது வேலை செய்யும் விதம் எளிது. சாதாரண நெல் மூழ்கியவுடன் மூச்சுக்காக வேகமாக நீள முயலும். சேமித்த உணவெல்லாம் அதிலேயே தீர்ந்து, நீர் வடிந்ததும் துவண்டு சாய்ந்துவிடும். சப்1 பயிரோ வளர்ச்சியை அடக்கிக்கொண்டு உணவைச் சேமித்து வைக்கும். நீர் வடிந்தபின் புதுக்குருத்து விடும்.

பயிலரங்கு என்பது கையால் செய்து பழகும் இடம். இளம் இலைத்துண்டை அரைத்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, கருவியில் பெருக்கிப் பார்க்கக் கற்றுத் தருவார்கள். இதனால் என்ன லாபம்? ஒரு நாற்றில் அந்த மரபணு உண்டா என்றறிய முன்பு அதை நாட்கணக்கில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது இலைத்துண்டே சொல்லிவிடும். "இது மரபணு மாற்றுப் பயிரா?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச்சேர்த்து, வேண்டிய நாற்றை மட்டும் இலைச் சோதனையால் பொறுக்கி எடுத்ததுதான்.

இதற்கு எல்லையும் உண்டு. கருத்தரங்குகளில் அதிகம் விவாதிக்கப்படுவதும் இதுதான். நட்ட இளம்பயிர் சில நாட்கள் முழுக்க மூழ்குவதற்கே இந்தக் குணம் உதவும். முழங்கால் அளவு நீர் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கு இது மருந்தல்ல. பூக்கும் சமயத்து வெள்ளத்திலிருந்தும் காப்பாற்றாது. விதைத்தவுடன் நீரில் மூழ்கிய விதை முளைப்பதற்கு வேறு குணம் வேண்டும். கலங்கல் நீரில் தாங்கும் நாட்களும் குறையும். ஆகவே வடிகாலைத் தூர்வாராமல் இரகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சி.ஆர்.1009 சப்1 நீண்டகால இரகம் என்பதால், தாமதமாக நடும் தாளடிக்கு ஏற்றதா என்று விரிவாக்க அலுவலரிடம் கேட்டுவிட்டு விதை வாங்குங்கள்.

ஆய்வுக்கூடத்தில் தொட்டி நீர் தெளிவாக இருக்கும். உங்கள் வயல் நீர் அப்படி இராது. அந்த வேறுபாட்டை நீங்கள்தான் சொல்ல முடியும். இந்த மழைக்காலத்தில் பயிர் மூழ்கினால், நட்டு எத்தனை நாளான பயிர், எத்தனை நாள் மூழ்கியிருந்தது, நீர் தெளிவா கலங்கலா, நூறு குத்தில் எத்தனை பிழைத்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதை உங்கள் மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கொடுங்கள். அடுத்த கருத்தரங்கில் எங்கள் மாணவர்களிடம் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி அந்தத் தாளிலிருந்துதான்.